எலுமிச்சைக்கு எந்த நிழல்? தொடக்கக்கால நவீன ஸ்டில் லைஃப் ஓவியங்களில் நிறம்

1908இல் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் ஒரு பெரிய சாப்பாட்டு மேசையை வரைந்தார். உயரம் ஏறத்தாழ 180 செ.மீ., அகலம் 220 செ.மீ. மாஸ்கோவின் துணி வணிகர் செர்கெய் ஷூகினின் சாப்பாட்டு அறைக்குப் போகவேண்டிய ஓவியம் அது. முதலில் நீலமாக இருந்தது. அனுப்புவதற்கு முன் மேசை விரிப்பையும் பின்சுவரையும் மத்தீஸ் சிவப்பால் மூடிவிட்டார். பழங்கள், குடுவைகள், பணிப்பெண், பச்சைத் தோட்டம் தெரியும் சன்னல் என எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கின்றன. பெரிய பரப்பின் நிறம் மட்டும் மாறியது. அதோடு ஓவியமே வேறொன்றாகிவிட்டது. இப்போது அது பீட்டர்ஸ்பர்க்கின் எர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது "சிவப்பு என்றால் உணர்ச்சிக் கொந்தளிப்பு" என்று முடித்துவிடுவார்கள். அப்படிப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. அதே மத்தீஸ் 1911இல் தன் பணியறையைச் சிவப்பில் வரைந்தார். அது வேறு சிவப்பு, வேறு அமைதி. ஒரு நிறத்துக்கு ஓர் உணர்ச்சி என்று அகராதி போட முடியாது. நிறம் நம்மை எப்படித் தொடுகிறது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அது எவ்வளவு பரப்பை எடுத்துக்கொள்கிறது, பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறது, அதன் டோன் என்ன. டோன் என்று ஓவியர்கள் சொல்வது, ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம் அல்லது எவ்வளவு இருட்டு என்பதை. 1880களிலிருந்து 1914 வரையிலான ஸ்டில் லைஃப் ஓவியங்களை, அதாவது பழம், குடுவை போன்ற மேசைப்பொருள்களை வரைந்த ஓவியங்களை, இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், "துணிச்சலான நிறம்" என்று நாம் மேலோட்டமாகச் சொல்வதற்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது புரியும்.

இந்தச் சோதனைகளுக்கு மேசை ஏன் அவ்வளவு வசதியாக இருந்தது? நிலக்காட்சியில் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். உருவப்படத்தில் முகத்தைப் பச்சையாக்கினால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார். மேசைமீது வைக்கும் பொருளின் நிறத்தையோ ஓவியரே தேர்ந்தெடுக்கிறார். தூரிகையைத் தொடுவதற்கு முன்பே பாதி ஓவியம் முடிந்துவிடுகிறது. 1898இல் பிரெஞ்சு ஓவியர் பால் செசானைச் சந்தித்த லூயி ல பாய் என்ற இளம் ஓவியர், செசான் பொருள்களை அடுக்கிய விதத்தை விவரித்திருக்கிறார். துணியை லேசாக மடித்துவிட்டு, அதன்மேல் பழங்களைப் பச்சைக்கு எதிரே சிவப்பு, நீலத்துக்கு எதிரே மஞ்சள் என்று வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் நாணயங்களைச் செருகி, வேண்டிய கோணத்துக்குச் சாய்த்துக்கொள்வாராம். அடுக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொறுமை அந்த விவரிப்பிலேயே தெரிகிறது.

இதற்கு அறிவியல் அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. பாரிசின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூலில் ஆழம் போதவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோகையாகக் காட்டின. ஒவ்வொரு நிறமும் தன் அண்டை நிறத்தின்மேல் தன் எதிர்நிறத்தை (சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா) லேசாகப் படரவிடுகிறது. 1839இல் அவர் இதை நூலாக எழுதினார். அடுத்த அறுபது ஆண்டுகளின் ஓவியர்கள் அதை நேரடியாகவோ, வேறு ஆசிரியர்கள் சுருக்கித் தந்த வடிவிலோ படித்தார்கள். வான்கோ ஒருபடி மேலே போய், அரக்குப் பூசிய பெட்டியில் கம்பளி நூல் உருண்டைகளை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிறங்களைச் சேர்த்து முறுக்கிப் பார்த்தார். அந்தப் பெட்டி ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காசு செலவில்லாமல், டியூபைத் திறக்காமல் நிறச் சேர்க்கையைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

செசானின் ஆப்பிள்

பழைய கலைப்பள்ளி முறையில் ஓர் ஆப்பிளை உருண்டையாகக் காட்ட ஒரே சிவப்பை எடுப்பார்கள். வெளிச்சம் படும் பக்கம் வெள்ளை கலப்பார்கள், நிழல் பக்கம் பழுப்போ கறுப்போ கலப்பார்கள். கறுப்பை 1 என்றும் வெள்ளையை 10 என்றும் வைத்த சாம்பல் அளவுகோலில், அந்த ஆப்பிள் 9இலிருந்து 2 வரை ஓடும். உருண்டை வந்துவிடும். ஆனால் நிறம் ஆப்பிளின் நடுவில் ஒரு சிறு பட்டையில் மட்டுமே உயிரோடு இருக்கும். இருபுறமும் வெளிறிப்போகும் அல்லது செத்துப்போகும்.

செசான் டோனின் ஓட்டத்தைக் குறைத்தார். ஆப்பிளின் வளைவைக் காட்ட நிறத்தையே நகர்த்தினார். நம் கண்ணுக்கு மிக அருகில் புடைத்து நிற்கும் இடத்தில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு, அங்கிருந்து விலக விலகச் சிவப்பு, பின் கருஞ்சிவப்பு, ஊதா, ஓரத்தில் நீலமோ பச்சையோ. வெப்ப நிறத்திலிருந்து குளிர் நிறத்துக்கு ஒரு நடை. டோன் 7இலிருந்து 4 வரை இறங்கினாலே போதும். மீதி வேலையை நிறம் செய்துவிடும். அதனால்தான் அவருடைய பழங்களில் நிழல் பக்கமும் வெளிச்சப் பக்கத்துக்குக் குறையாத செறிவோடு, அதாவது நிறம் மங்காமல், இருக்கிறது. ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும், 1899ஐ ஒட்டி வரையப்பட்ட ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும் கொண்ட ஓவியத்தில் வெள்ளைத் துணியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெள்ளை என்று நாம் நினைத்துக்கொள்ளும் இடத்தில் நீலச் சாம்பல், வெளிர்பச்சை, மங்கிய மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் இருக்கின்றன. தூய வெள்ளை மிகக் கொஞ்சம்.

1904இல் செசானை ஏக்ஸ் நகரில் பார்த்த ஓவியர் எமில் பெர்னார் அவருடைய பேலட்டில், அதாவது வண்ணம் கலக்கும் பலகையில், இருந்தவற்றைப் பட்டியலிட்டார்: ஐந்து மஞ்சள், ஆறு சிவப்பு, மூன்று பச்சை, மூன்று நீலம், ஒரு கறுப்பு. பெர்னாரின் கைக்குப் பழகியதோ நாலைந்து வண்ணங்களிலிருந்து எல்லாவற்றையும் கலந்தெடுக்கும் முறை. செசானின் தேவை வேறு. படிப்படியாக நகரும் நிறங்களை ஒவ்வொரு முறையும் கலந்துகொண்டிருந்தால் செறிவு குறையும். கலக்கும்போதெல்லாம் ஏதோ கொஞ்சம் போகும். மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும் படிக்கட்டு பேலட்டிலேயே தயாராக இருந்தால் கை தயங்காது.

இன்று கிடைக்கும் ஆயில் கலரில் இந்தப் படிக்கட்டைக் கட்ட ஐந்து டியூப்களும் வெள்ளையும் போதும்: காட்மியம் மஞ்சள் லைட், காட்மியம் சிவப்பு லைட், குயினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரின் நீலம், விரிடியன் பச்சை, டைட்டானியம் வெள்ளை. முதல் படிக்கு மஞ்சள் மூன்று பங்கு, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. அடுத்தது சிவப்பு இரண்டு, மஞ்சள் ஒன்று. மூன்றாவது காட்மியம் சிவப்பு தனியாக. நான்காவது காட்மியம் சிவப்பும் ரோஸும் சரிபாதி. ஐந்தாவது ரோஸ் இரண்டு, அல்ட்ராமரின் ஒன்று, வெள்ளை அரைப் பங்கு. ஓரத்தில் திரும்பி வரும் ஒளிக்கு அல்ட்ராமரின் இரண்டு, விரிடியன் ஒன்று, வெள்ளை இரண்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் டியூபிலும் நிறமியின் வலு வேறுபடும் என்பதால் இவை தொடங்குவதற்கான அளவுகள் மட்டுமே. கலந்து முடித்ததும் ஆறு குவியல்களையும் பேலட் கத்தியால் ஓர் அட்டையில் வரிசையாக இழுத்து, கண்ணை இடுக்கிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் படிகளுக்கிடையே டோன் குதித்தால் அங்கே ஆப்பிள் உடையும்.

தூரிகையைப் பொறுத்தவரை 8 முதல் 12 எண் வரையிலான தட்டைத் தூரிகை சரி. ஒரு திட்டு வைத்தால் அதைத் தேய்க்கக்கூடாது. இரண்டு திட்டுகளின் எல்லையைக் குழைத்துவிட்டால் செசான் போய், பழைய பள்ளி திரும்பிவிடும். வளைவு தெரிய வேண்டியது திட்டுகளின் வரிசையால்தான்.

இன்னொன்று, அவருடைய ஓரக்கோடு. ஆப்பிளைச் சுற்றி ஒரே கோடாக இல்லாமல் இரண்டு மூன்று நீலக் கோடுகள், விட்டுவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருக்கும். பழத்தின் ஓரம் என்பது வளைந்து மறையும் இடம். அதை ஒரே கோட்டால் பூட்டினால் பழம் தட்டையாகிவிடும். கோடு நீலமாக இருப்பதால் ஆரஞ்சு இன்னும் சூடாகிறது. ஒரே கோட்டுக்கு இரண்டு வேலை.

வான்கோவின் மஞ்சள்

1888 மே மாதம் ஆர்லில் வான்கோ ஒரு நீல எனாமல் காப்பிக் குடுவையை மையமாக வைத்து, கோப்பைகளும் எலுமிச்சைகளும் ஆரஞ்சுகளும் சேர்ந்த ஒரு ஸ்டில் லைஃப் வரைந்தார். அதைப் பற்றிக் கடிதத்தில் எழுதும்போது, ஆறு வெவ்வேறு நீலங்கள், நாலைந்து மஞ்சள்களும் ஆரஞ்சுகளும் என்று எண்ணிச் சொல்கிறார். இந்த எண்ணிக்கை முக்கியம். நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு என்ற எதிர்நிறப் பாடத்தை ஒரே நீலம், ஒரே ஆரஞ்சு வைத்துச் செய்தால் விளம்பரப் பலகைதான் கிடைக்கும். ஒரு பக்கத்தில் ஆறு, மறுபக்கத்தில் நாலைந்து என்று குடும்பங்களாக நிறுத்தும்போதுதான் கண் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் சூரியகாந்திகள். ஓவியர் கோகன் வந்து தங்கவிருந்த அறைக்காக. மியூனிக்கில் இருக்கும் ஓவியத்தில் பின்னணி நீலப்பச்சை. லண்டன் நேஷனல் கேலரியில் இருப்பதில் பின்னணியும் மஞ்சள், மேசையும் மஞ்சள், ஜாடியும் மஞ்சள். நிறம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படிக்க விரும்புகிறவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். மியூனிக் ஓவியத்தில் பூக்கள் பின்னணியிலிருந்து வெட்டிக்கொண்டு முன்னே வருகின்றன. மஞ்சளுக்கு அங்கே எதிரி உண்டு. லண்டன் ஓவியத்தில் எதிரி இல்லை. எல்லாம் ஒரே குடும்பம். அப்படியானால் பூக்கள் எப்படித் தெரிகின்றன? டோன் வித்தியாசத்தாலும், மஞ்சளுக்குள்ளேயே எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள், ஆரஞ்சு மஞ்சள் என்ற நகர்வாலும், வண்ணத்தின் தடிமனாலும். பின்னணியில் குறுக்கும் நெடுக்குமான சீரான இழுப்பு, பூக்களில் விதைகளைப் போலப் புடைத்து நிற்கும் தடித்த வண்ணம். மேசை விளிம்பில் மெல்லிய நீலக்கோடு, ஜாடியில் நீலக் கையெழுத்து. அந்தச் சிறு நீலம் இல்லாவிட்டால் மஞ்சள் முழுவதும் மந்தமாகிவிடும் என்று நினைக்கிறேன். உங்கள் திரையில் படத்தைத் திறந்து, நீலம் வரும் இடங்களை விரலால் மறைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு கோட்பாட்டுச் சிக்கலும் இருக்கிறது. மஞ்சள் மிக வெளிச்சமான நிறம் என்பதால் சமநிலைக்கு அதைக் குறைவாகவும், ஊதாவை அதைப்போல மூன்று மடங்காகவும் பயன்படுத்தவேண்டும் என்று பின்னாளில் பாடமாக்கப்பட்ட ஒரு விகிதம் உண்டு. லண்டன் சூரியகாந்தி அதை முழுக்க மீறுகிறது. சமநிலை வேண்டாம் என்று முடிவெடுத்தவரின் ஓவியம் அது. நிறைந்து வழிவதுதான் அதன் நோக்கம். விகிதங்களைச் சட்டமாக எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பரப்பு

மத்தீஸுக்குத் திரும்புவோம். 1908 டிசம்பரில் அவர் வெளியிட்ட கட்டுரையில் தன் முறையை விளக்குகிறார். ஓர் அறையை வரையவேண்டும், எதிரே ஓர் அலமாரி. அது தனக்கு மிகத் துலக்கமான சிவப்பு உணர்வைத் தருகிறது. தனக்கு நிறைவு தரும் ஒரு சிவப்பை வைக்கிறார். உடனே அந்தச் சிவப்புக்கும் கித்தானின் வெள்ளைக்கும் ஓர் உறவு ஏற்படுகிறது. அடுத்து பச்சை வைக்கிறார், தரைக்கு மஞ்சள் வைக்கிறார்; ஒவ்வொரு முறையும் முன்னது பலவீனப்படுகிறது, எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. சமைக்கும்போது கடைசியில் புளி சேர்த்தால் உப்பையும் மறுபடி பார்க்கவேண்டும் என்பது போலத்தான். இந்தத் திருத்தம் ஒரு தோல்வி என்று நினைப்பவர்கள்தான் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவருக்கு அதுவே வேலை.

சாப்பாட்டு அறை ஓவியத்தில் மேசைத்துணியும் சுவரும் ஒரே சிவப்பு, இரண்டிலும் ஒரே நீலக் கொடிக்கோலம். மேசை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு மெல்லிய கோடு மட்டும் சொல்கிறது. ஆழம் ஏறக்குறைய போய்விட்டது. அந்த ஆழத்தை ஏன் விட்டுக்கொடுத்தார்? நிழல் விழுந்தால் சிவப்பு உடைந்து, வெளிச்சச் சிவப்பு, நிழல் சிவப்பு என்று இரண்டாகும். இரண்டாகப் பிரிந்த சிவப்புக்குப் பரப்பின் வலு கிடைக்காது. விரல்நகம் அளவு சிவப்பும் சுவர் அளவு சிவப்பும் ஒரே டியூபிலிருந்து வந்தாலும் கண்ணுக்கு ஒன்றல்ல. சன்னலின் பச்சையோ ஓவியத்தில் சிறு பகுதி. அந்தப் பெரிய சிவப்புக்கு எதிரே நிற்பதால்தான் வசந்தகாலம் முழுவதும் அதற்குள் அடைபட்டிருப்பது போல இருக்கிறது. நீலப் பரப்புக்குப் பக்கத்தில் பச்சைக்கு இந்த வேகம் கிடைத்திருக்காது. மத்தீஸ் நிறத்தை மாற்றியதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் வாசிப்பு.

1911இன் சிவப்புப் பணியறை இன்னும் கடுமையானது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடியில் நீலமும் இளஞ்சிவப்பும் காவியுமாக ஓர் அறை முழுமையாக வரையப்பட்டிருந்தது. அதன்மேல் வெனீசியச் சிவப்பைப் பரப்பினார். மேசை, நாற்காலி, கடிகாரம் ஆகியவற்றின் கோடுகள் என்று நாம் பார்ப்பவை வரையப்பட்டவை அல்ல. சிவப்பு பூசும்போது விட்டுவைக்கப்பட்ட இடைவெளிகள்; அடியிலிருக்கும் வண்ணம் அங்கே எட்டிப்பார்க்கிறது. இதைச் சின்ன அளவில் செய்து பார்க்கலாம். வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமுமாக மேசையையும் குடுவையையும் மெல்லியதாக வரைந்து நன்றாகக் காயவிடுங்கள், குறைந்தது ஒரு வாரம். பிறகு வெனீசியச் சிவப்பு அல்லது இந்தியச் சிவப்பை எண்ணெய் அதிகம் சேர்க்காமல் தட்டைத் தூரிகையால் பரப்பி, கோட்டுக்கு 2 முதல் 3 மி.மீ. விட்டுவிடுங்கள். வரைந்த கோடு மேலே மிதக்கும். விட்ட கோடு உள்ளேயிருந்து வெளிச்சம் வருவது போல இருக்கும்.

ஜெர்மனியில் இதே ஆண்டுகளில் வேறொரு விடை கிடைத்தது. 1908இலிருந்து முர்னாவ் ஊரில் ஓவியர்கள் காப்ரியேல மூன்ட்டரும் யாவ்லென்ஸ்கியும் கான்டின்ஸ்கியோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அந்த வட்டாரத்தின் கண்ணாடி ஓவியங்களில் கறுப்புக் கோட்டுக்குள் தட்டையான நிறம் அடைபட்டிருக்கும். மூன்ட்டர் அதைக் கற்றுத் தன் ஸ்டில் லைஃப்களுக்குள் கொண்டுவந்தார். தடித்த இருண்ட கோடு வெறும் அலங்காரம் இல்லை. ஷெவ்ரல் சொன்ன படர்தலை அது வெட்டுகிறது. பச்சையும் சிவப்பும் நேரடியாகத் தொட்டால் எல்லை அதிரும். நடுவில் கறுப்பு வந்தால் அதிர்வு நின்று, இரண்டு நிறமும் தனித்தனியே ஒளிரும். விலை ஒன்று உண்டு: எல்லாம் முன்னால் வந்து நிற்கும், காற்று இருக்காது. மூன்ட்டர் தெரிந்தே கொடுத்த விலை.

பிராக்கும் பிக்காசோவும் 1910ஐ ஒட்டி மேசைப்பொருள்களை உடைத்துப் பார்க்கத் தொடங்கியபோது நிறத்தை ஏறக்குறைய விலக்கிவைத்து, பழுப்பிலும் சாம்பலிலும் நின்றதும் இந்தக் கணக்கோடு தொடர்புடையதுதான். வடிவத்தையும் நிறத்தையும் ஒரே நேரத்தில் கிளறினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மேசையை அடுக்குவது

ஒரு பயிற்சி. 20க்கு 25 செ.மீ. அளவில் மூன்று பலகைகள். மேசையில் மூன்று எலுமிச்சை, இரண்டு சிவப்பு ஆப்பிள், ஒரு நீலக் குடுவை, கீழே வெள்ளைத் துணி. விளக்கு ஒன்றே ஒன்று, பக்கவாட்டில், 5000 கெல்வின் சுற்றளவில், நிறக் காட்டல் குறியீடு (சி.ஆர்.ஐ., விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதன் அளவு) 90க்கு மேல். மஞ்சள் பல்பின் கீழ் கலந்த நீலம் பகலில் வேறாகத் தெரியும். பேலட்டின்மேலும் கித்தானின்மேலும் விழுவது ஒரே ஒளியாக இருக்கவேண்டும். பொருள்களை நகர்த்தாமல் பின்துணியை மட்டும் மாற்றி மூன்று முறை வரையுங்கள்: நீலப்பச்சை, சிவப்பு, மஞ்சள். முதல் இரண்டில் பின்னணியின் டோனை அளவுகோலில் 5இல் நிறுத்துங்கள். அப்போதுதான் நிறம் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பது தனியாகத் தெரியும்.

மூன்றாவதில்தான் பாடம். மஞ்சளை 5க்கு இறக்க முடியாது. இறக்கினால் காவியோ பாசி நிறமோ ஆகிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் அது மிகச் செறிவாக இருக்கும் ஒரு டோன் உண்டு: மஞ்சளுக்கு 8 அல்லது அதற்கு மேல், ஆரஞ்சுக்கு 6 அல்லது 7, காட்மியம் சிவப்புக்கு 5 சுமார், நீலத்துக்கும் ஊதாவுக்கும் 4க்குக் கீழ். ஆகவே பின்னணிக்கு மஞ்சள் என்று முடிவெடுத்த கணமே அது வெளிச்சமான பின்னணி என்றும் முடிவாகிவிடுகிறது. அதன்முன் நிற்கும் எலுமிச்சை ஆரஞ்சுப் பக்கமோ பச்சைப் பக்கமோ நகர்ந்து கொஞ்சம் இருளவேண்டும். நிறத்தைத் தன்னிச்சையாகத் தேர்ந்தெடுத்ததாகத் தோன்றும் ஓவியர்கள்கூட இந்தப் பிடியிலிருந்து தப்பவில்லை.

வண்ணம் பிதுக்கும்போது வெள்ளை 4 செ.மீ., மற்றவை ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. போதும். கறுப்பு வேண்டாம். விரிடியனும் குயினாக்ரிடோன் ரோஸும் ஏறக்குறையச் சமமாகக் கலந்தால் கறுப்புக்கு நெருங்கிய இருட்டு கிடைக்கும். எந்தப் பக்கம் கொஞ்சம் கூட்டுகிறீர்களோ அந்தப் பக்கம் சாயும், உயிர் இருக்கும். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை என்று நிறக் குடும்பத்துக்கு ஒரு தூரிகை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெரிய பரப்பு, அதாவது பின்னணியும் துணியும். பழங்களைப் பிறகு. வெள்ளைக் கித்தானுக்கு எதிரே கலந்த ஆப்பிள் சிவப்பு, பின்னணி வந்தபிறகு வேறாகத் தெரியும் என்பதால் இந்த வரிசை. ஈரத்தின்மேல் ஈரம் வைக்கும்போது இரண்டு எதிர்நிறங்கள் தொடும் இடத்தில் ஒன்றிரண்டு மி.மீ. கித்தானை அப்படியே விட்டுவிடலாம். 1905இல் கொலியூரில் மத்தீஸும் ஓவியர் டெரேனும் அப்படி வெள்ளை விட்டார்கள். கலங்கலைத் தடுக்கும், நிறத்துக்கு மூச்சுவிட இடமும் கிடைக்கும்.

எங்கே தவறும்

அதிகம் நடப்பது, எல்லாமே முழுச் செறிவில் இருப்பது. டியூபிலிருந்து வந்தபடியே ஆறு நிறங்கள் கத்தும், எதுவும் கேட்காது. செசானின் ஆரஞ்சு எரிவது, சுற்றிலும் நீலச்சாம்பலும் மங்கிய பச்சையும் இருப்பதால். ஓவியத்தின் பெரும்பகுதி அடங்கிய நிறமாக இருந்து, இரண்டு மூன்று இடங்களில் மட்டும் முழுச் செறிவு வந்தால் போதும். மத்தீஸின் வழியில் போனால் ஒரே ஒரு நிறம் முழுப் பரப்பையும் எடுத்துக்கொள்ளட்டும், மற்றவை சிறியவையாகட்டும். இரண்டு வழிக்கும் நடுவே நின்றால்தான் ஆபத்து.

அடுத்தது, நீல நிழல் ஓட்டை போலத் தெரிவது. டியூபிலிருந்து வரும் அல்ட்ராமரினின் டோன் 2ஐ ஒட்டி இருக்கும். ஆப்பிளின் நிழலுக்கு வேண்டியது 4. நிறம் சரி, டோன் தவறு. கொஞ்சம் வெள்ளை சேர்த்தால் டோனும் ஏறும், நீலம் இன்னும் நீலமாகவும் தெரியும். மேலும் மேலும் சேர்த்தால் சுண்ணாம்பாகிவிடும். அந்த உச்சிப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஓர் அட்டையில் வெள்ளையைச் சிறிது சிறிதாகக் கூட்டி எட்டுப் பட்டைகள் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீலத்துக்கும் ஒரு முறை செய்தால் போதும்.

சிவப்பை வெளிச்சமாக்க வெள்ளை மட்டும் சேர்த்தால் குளிர்ந்த ரோஜா நிறம் வரும். ஆப்பிள் பிளாஸ்டிக் ஆகும். முதலில் மஞ்சளால் ஆரஞ்சுப் பக்கம் நகர்த்தி, பிறகு துளி வெள்ளை. எலுமிச்சை நிழலுக்குக் கறுப்பு சேர்த்தால் பாசிப்பச்சை வரும். அது வேண்டுமென்றே வந்தால் அழகுதான்; வேண்டாமென்றால் காவி மஞ்சளில் ஒரு பொட்டு ஊதா. எதிர்நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் எரியும், கலந்தால் இரண்டும் அணையும். சேறு பெரும்பாலும் கித்தானின்மேல் நடக்கும் விபத்து: ஈரச் சிவப்பின்மேல் பச்சைத் தூரிகையை இரண்டாவது முறை இழுப்பது. அந்த இடத்தைக் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி வையுங்கள். மேலே மேலே பூசி மீட்க முடியாது.

டோனைச் சரிபார்க்க ஓவியத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் அதை அப்படியே நம்பக்கூடாது. மிகச் செறிவான சிவப்பும் நீலமும் அளவுகோல் காட்டுவதைவிட வெளிச்சமாக நம் கண்ணுக்குத் தெரியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ்-கோல்ராவ்ஷ் விளைவு என்று இதற்குப் பெயர். கைப்பேசிக்கு இது தெரியாது. படத்தில் சிவப்பு இருண்டிருக்கிறது என்று பதறி வெள்ளை கலப்பதற்கு முன், இரண்டடி பின்னால் போய்க் கண்ணை இடுக்கிப் பாருங்கள்.

காய்ந்தபின் இருண்ட நீலமும் கருஞ்சிவப்பும் மங்கி வெளிறினால், அடியிலிருக்கும் தளம் எண்ணெயை உறிஞ்சிவிட்டது என்று பொருள். டர்பன்டைனை அதிகம் ஊற்றியதாலும் இது வரும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, மென்மையான துணியால் முழுக்கத் துடைத்தெடுத்தால் நிறம் திரும்பும். அது திரும்பாமல் டோனைத் திருத்தாதீர்கள்; பொய்யான டோனைத் திருத்துவதாகிவிடும்.

நாம் இன்று பார்ப்பது அன்று வரைந்ததா?

இந்த ஓவியங்களிலிருந்து நிறத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். பல நிறங்கள் மாறிவிட்டன. 1890 மே மாதம் சான் ரெமியை விட்டுப் புறப்படுமுன் வான்கோ வரைந்த ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளையாக இருக்கின்றன. அவை பச்சைக்கு எதிரே நின்ற இளஞ்சிவப்பு ரோஜாக்கள். அவர் பயன்படுத்தியது இயோசின் சாயத்திலிருந்து செய்த ஜெரேனியம் லேக் என்ற சிவப்பு நிறமி. ஒளி பட்டால் வெளிறும். அப்போதே வரைந்த ஐரிஸ் பூக்கள் ஊதாவாக இருந்து நீலமாகிவிட்டன; ஊதாவிலிருந்த சிவப்பு போய் நீலம் மட்டும் மிஞ்சியது. மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் நடந்த எதிர்நிறப் பேச்சை இன்று நாம் மஞ்சள், நீலம் என்று கேட்கிறோம். குரோம் மஞ்சள் பழுப்பாவதற்குக் காரணம், அதிலிருக்கும் குரோமியம் ஆறாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு ஒடுங்குவது என்று 2011இல் கிரெனோபிளின் சிங்க்ரோட்ரான் (வலுவான எக்ஸ்-கதிர் தரும் இயந்திரம்) ஆய்வில் தெரிந்தது. சல்பேட் கலந்த வெளிர் வகைகளில் இது அதிகம். 1887இல் நீல ஜாடியில் அவர் வரைந்த பூக்களில் காட்மியம் மஞ்சளின்மேல் சாம்பல் படலம் படிந்தது. பிற்பாடு யாரோ பூசிய வார்னிஷ் அங்கே வினைபுரிந்திருக்கிறது. ஆகையால் அருங்காட்சியகத்தில் நின்று அப்படியே நகலெடுக்கும்போது, கலந்த நிறத்தோடு கெட்டுப்போன நிறத்தையும் சேர்த்து நகலெடுக்க வாய்ப்புண்டு.

இன்றைய நல்ல காட்மியம் மஞ்சள்களும் குயினாக்ரிடோன்களும் இந்தச் சிக்கல்களிலிருந்து பெரும்பாலும் விடுபட்டவை. டியூபின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். "ரோஸ்" என்ற பெயரில் பி.வி.19 இருந்தால் நம்பலாம். பி.ஆர்.83 என்ற அலிசரின் கிரிம்சன் வெள்ளையோடு கலந்தால் வெளிறும். டியூபில் ஜிங்க் வெள்ளையான பி.டபிள்யூ.4 இருந்தால் அடித்தளத்துக்கு அதை எடுக்காதீர்கள். வருடங்கள் போகப்போக அது நொறுங்கும் தன்மை கொள்ளும், மேலே பூசியது வெடிக்கும். ஏற்கெனவே கையிலிருக்கும் டியூப்களில் சந்தேகம் இருந்தால், ஒவ்வொன்றையும் தனியாகவும் வெள்ளையோடு கலந்தும் ஓர் அட்டையில் பட்டையாகப் பூசுங்கள். காய்ந்ததும் அலுமினியத் தாளால் பாதியை மூடி, வெயில் விழும் சன்னலில் மூன்று மாதம் வையுங்கள். தாளை எடுத்ததும் எல்லை தெரிகிற டியூபைப் பயிற்சித் தாள்களுக்கு ஒதுக்கிவிடலாம்.